சூரப்புலியின் திராட்சைக் காவல்

'ங்ஙொய்ய்ய்ங்ங்...'

சத்தம் கேட்டதும் சூரப்புலியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. இருட்டி அதிக நேரம் ஆகவில்லை. சாப்பாட்டு வேளையில் பேய் வருமா, வந்தால் சாப்பிட்டுவிட்டு வருமா, சாப்பிடுவதற்கே வருமா என்று அவர் மனம் ஒரு நொடியில் எங்கெங்கோ போய்த் திரும்பியது.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள் மனைவி. இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி. "கம்பி பேசுது. பன்னி வந்திருக்கு."

பேய் இல்லை என்பதில் அவருக்கு ஆறுதல். பன்றி என்பதில் அந்த ஆறுதல் போய்விட்டது.

அந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் திராட்சைத் தோட்டம். வரிசை வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடிகள். கம்பிகள் எல்லாம் கடைசியில் அடுக்களைச் சுவரை ஒட்டிய கல்தூணில் வந்து முடியும். தோட்டத்தின் எந்த மூலையில் எது வந்து உடம்பைத் தேய்த்தாலும் கம்பி அதிர்ந்து, அந்த ரீங்காரம் தூண் வழியாக அடுக்களைக்குள் வந்துவிடும். மற்ற மாதங்களில் அது காற்றாக இருக்கும். பழம் இனிக்கத் தொடங்கிவிட்டால் காட்டுப்பன்றிதான். ஒரே இரவில் ஒரு வரிசையைக் காலி செய்துவிட்டுப் போகும். தின்றதைவிட மிதித்தது அதிகமாக இருக்கும்.

"போய்ப் பாருங்களேன்" என்றாள். தினமும் ஒரு தடவை இதைச் சொல்வாள். மரியாதைக்கு.

"போகலாம். சாப்பிட்ட கையோட எப்படிப் போறது?"

"நேத்து வெறும் வயித்தோட போகக் கூடாதுன்னீங்க."

"நேத்து வேற வயிறு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குழந்தையை அவர் மடியில் வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்தாள். அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பழைய தகரத்தையும் கட்டையையும் எடுத்தாள். பின்கதவைத் திறந்து இருட்டுக்குள் இறங்கினாள்.

"ஜாக்கிரதை!" என்றார் சூரப்புலி, கணவனின் கடமையாக. அடுத்த நொடியே கதவைச் சாத்தினார். கொக்கியைப் போட்டார். தாழ்ப்பாளைப் போட்டார். அதற்கு மேல் போட ஒன்றும் இல்லாததால் தன் முதுகையும் கதவின் மேல் போட்டுக்கொண்டு, குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று சொல்வது கடினம். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

வெளியே தகரம் 'டமடமடம'வென்று அதிர்ந்தது. எதுவோ புதரை முறித்துக்கொண்டு ஓடியது. பிறகு அமைதி. பிறகு கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உங்க பொண்டாட்டி."

"என்ன அடையாளம்?"

"போன மாசம் பல்லி விழுந்ததுக்குக் கட்டில் மேல ஏறி நின்னு 'அம்மா'ன்னு கத்தினீங்களே, அந்த அடையாளம் போதுமா? இன்னும் சொல்லட்டுமா?"

கதவு உடனே திறந்தது.

அவள் உள்ளே வந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். கை ஆடியதில் பாதித் தண்ணீர் புடவையில் சிந்தியது. வெளியே குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் சூரப்புலி. ஆறிப்போன சாப்பாட்டின் முன் மறுபடி உட்கார்ந்தார். காது மடல் சுட்டது. வகுப்பில் பதில் தெரியாமல் பெஞ்சு மேல் ஏறி நிற்கிற பிள்ளைக்குச் சுடுமே, அப்படி. இந்தச் சூடு அவருக்குப் பழக்கம்தான். பழம் பழுக்கிற காலம் முழுவதும் தினமும் வரும்.

சூரப்புலி என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அவர்தான். ஒருநாள் கடைத்தெருவில் நாலு பேர் நடுவில், "தோட்டத்துப் பக்கம் என்னைச் சூரப்புலின்னுதான் சொல்வாங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. அதற்குப்பின் எல்லாரும் சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் உதட்டோரம் எப்படி இருக்கும் என்று அவர் பார்ப்பதே இல்லை.

பகலில் அவர் வேறு மனிதர். முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைப் பகலில்.

திராட்சைத் தோட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறதோ! உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பார்க்க யாராவது புது உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறார்களா? வெங்காய வயலின் நடுவில் நின்று எந்தப் புதுமணத் தம்பதியாவது போட்டோ எடுத்துக்கொள்கிறார்களா? திராட்சை என்றால் மட்டும் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். கொடிக்குக் கீழே நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ தூங்குகிற குழந்தை இருக்கிற அறைக்குள் வந்துவிட்டதைப் போல. இலை வழியாக வெயில் பச்சையாக இறங்கும். கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். பழத்தின் மேல் மெல்லிய வெண்படலம். விரல் வைத்தால் விரல் பதியும். நகரத்தில் ஆயிரம் கவலையோடு இருந்த மனிதர்கள் அந்த ஒரு விரல் அடையாளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

சூரப்புலியின் மனைவிக்கு அந்தத் தோட்டம் வேறு மாதிரி. எந்தக் கொடி சோம்பேறி, எந்தக் கொடி கோபக்காரி, எதற்கு எத்தனை கொத்து விட்டால் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேண்டாத கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்வாள். கொத்தின் அடிப்பக்கத்தைக் கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டாள். வருகிறவர்களிடம் பேச அவளுக்குக் கூச்சம். பேச்சு முழுவதும் கணவன் பங்கு. வேலை முழுவதும் அவள் பங்கு. பாகப்பிரிவினையில் தகராறே இல்லை.

விளைகிற பழம் எல்லாம் மலைச்சரிவில் இருக்கிற ஒயின் ஆலைக்குப் போகும். ஆலையை நடத்துகிறவர் ஓர் அம்மாள். எல்லாருக்கும் அவர் ஆலையம்மா. வாரம் ஒரு தடவை வந்து பழத்தைப் பறித்து வாயில் போடுவார். கண்ணை மூடி மெல்லுவார். தோலைத் தனியாக, விதையைத் தனியாகக் கடித்துப் பார்ப்பார். விதை பச்சையாகக் கசந்தால், "இன்னும் ஆகல. காத்திருக்கணும்" என்பார். விளைவிக்கிறவருக்கோ இன்றைக்கே பறித்துவிட்டால் தேவலை என்றிருக்கும். ஒவ்வொரு இரவும் பன்றிக்கு விருந்தாயிற்றே! ஆனால் ஆலையம்மா அசைய மாட்டார். அந்தக் கடைசி வாரத்து இனிப்பில்தான் ஒயினே இருக்கிறது என்பார். எதையும் விழுங்க மாட்டார். துப்பித்தான் துப்பறிவார்.

அப்படிப்பட்டவர் சூரப்புலியின் கதையை மட்டும் துப்பாமல் விழுங்கிவிட்டார்.

அது நடந்தது அறுவடைக்கு முந்திய ஞாயிறு. ஆலையம்மா கூட்டி வந்த விருந்தாளிகளில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். டாக்டர் எதைப் பார்த்தாலும் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் மனைவியோ ஒவ்வொரு கொத்தையும் பார்த்து, "ஐயோ, அழகு!" என்று உருகிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் நடுவில் நாலு மரத்தூண் மேல் ஒரு காவல் பரண் இருந்தது. ஏறுவதற்கு ஒரு சின்ன ஏணி. அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் கேட்டார்:

"ராத்திரியில இதையெல்லாம் யாரு காவல் காக்கறாங்க?"

சூரப்புலி தொண்டையைக் கனைத்தார். 'என் மனைவி' என்கிற இரண்டே வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே ஏற்கெனவே வேறொன்று கிளம்பி நின்றுகொண்டிருந்தது.

"யாரா? நான்தான். பழம் இனிக்க ஆரம்பிச்சா எனக்குக் கட்டில் கசக்கும்மா. அந்தப் பரண்தான் படுக்கை."

"தனியாவா?"

"தனியா எங்க? அவ்வளவு நட்சத்திரம் இருக்கே."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா?" என்று கணவரை இடித்தார். "கரண்ட் போனா கட்டில்லேர்ந்து இறங்க மாட்டீங்க நீங்க!"

டாக்டருக்கு முகம் கறுத்தது. "பன்னி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"என்னைப் பார்க்கும். நானும் அதைப் பார்ப்பேன். திரும்பிப் போயிடும்."

"மூஞ்சியைப் பார்த்தா?"

"கண்ணைப் பார்த்து சார்."

"அப்ப உங்க வீட்டம்மா? பயந்துக்க மாட்டாங்க?" என்றார் டாக்டர் மனைவி.

இங்கேதான் சூரப்புலி நின்றிருக்க வேண்டும். நாக்கு நிற்கவில்லை.

"அவளா! இருட்டிட்டா வாசப்படி தாண்ட மாட்டா. நான் வெளிய போனதும் கதவைச் சாத்தி, கொக்கி போட்டு, தாழ்ப்பாள் போட்டு, குழந்தையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. திரும்பி வந்து தட்டினாகூடத் திறக்க மாட்டா. 'யாரு, யாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. பாவம், பயந்த சுபாவம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் கொடியை விலக்கிக்கொண்டு ஒரு தட்டு வந்தது. தட்டு நிறையக் கழுவிய திராட்சை. தட்டுக்குப் பின்னால், ஞாயிறென்றால் வெளியே வராத அவர் மனைவி.

எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள்? சூரப்புலிக்குக் காது மடலில் தொடங்கிய சூடு கழுத்து வரை இறங்கியது. இப்போது ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். இவர் இந்தத் தோட்டத்திலேயே குழி வெட்டிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஆமாங்க" என்றாள் அவள், டாக்டர் மனைவியிடம் தட்டை நீட்டியபடி. "ரொம்பப் பயம். நீங்க பழம் எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. தன்னைப் பற்றி ஒன்று விடாமல், அவ்வளவு சரியாக, அவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அதை அவள் தலையில் தூக்கி வைத்திருக்கிறார். அவள் அதைச் சுமந்துகொண்டு அடுக்களைக்குப் போகிறாள்.

வெட்கத்தில் ஒரு நிமிஷம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். ஆலையம்மா முந்திக்கொண்டார்.

"தம்பி, வர்ற சனிக்கிழமை ராத்திரி கடைசிக் காவல். மறுநாள் அறுவடை. இவங்க ரெண்டு பேரையும் உங்க வீட்டுலயே தங்க வைங்க. நீங்க லாந்தரோட காவலுக்குப் போறதைப் பார்க்கட்டும். அது சரியா நடந்தா, அடுத்த பருவத்துலேர்ந்து வாராவாரம் ஆள் அனுப்பறேன். ஒயின் புட்டியில உங்க படத்தையே போட்டுடலாம். என்ன சொல்றீங்க?"

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து, "சந்தோஷம்மா" என்று யாரோ சொன்னார்கள்.

அன்று இரவு குழந்தை தூங்கியபிறகு அடுக்களையில் மாநாடு. சூரப்புலி கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"வந்து... சனிக்கிழமை..."

"தெரியும். பரண்ல படுக்கப் போறீங்க."

"விளையாடாத. எனக்கு ஒரு யோசனை."

"உங்களுக்கா!"

"கேளு. என் கோட்டையும் தொப்பியையும் நீ போட்டுக்கோ. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் நில்லு. நான் லாந்தரைத் தூக்கிக்கிட்டு வீரமா நடந்து வர்றேன். அவங்க பக்கத்து அறை ஜன்னல்லேர்ந்து பார்ப்பாங்க. தொட்டிக்குப் பின்னாடி வந்ததும் லாந்தர் உன் கையில. நீ நேரா பரணுக்குப் போயிடு. நான் குனிஞ்சு சுவரோரமா வந்து பின்கதவு வழியா உள்ள நுழைஞ்சுடறேன். தூரத்துலேர்ந்து பார்த்தா கோட்டும் தொப்பியும்தான் தெரியும். எப்படி?"

"குழந்தை?"

"நான் பார்த்துக்க மாட்டேனா? தினமும் நான்தானே..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தினமும் எதற்காக, எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் துணியை எடுத்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் வார்த்தையிலேயே அவள் 'சரிங்க' சொன்னதில்லை. விவரமான மனிதனாக இருந்தால் அந்த ஒரு சொல்லிலேயே உஷாராகியிருப்பான். சூரப்புலிக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் அவள். "இந்தத் தாழ்ப்பாள் 'க்ரீச்'சுனு கத்துமே. நீங்க உள்ள வந்து போடறப்ப அவங்க காதுல விழுந்துட்டா?"

"அடடா! என்ன மூளை உனக்கு!"

அன்றைக்கே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து உட்கார்ந்தார். இறகால் தொட்டுத் தொட்டுப் போட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி போட்டார். சனிக்கிழமை காலையில் தாழ்ப்பாள் பட்டுத்துணி போல வழுக்கிக்கொண்டு போய்வந்தது. அவர் அதைப் போட்டுப் போட்டு எடுத்து, குழந்தைக்கு வேடிக்கை காட்டினார். வாழ்நாளில் அவர் அந்த வீட்டில் திருத்தமாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை பல் டாக்டரும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அடுக்களையை ஒட்டிய அறை, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். அடுக்களையில் உரக்கப் பேசினால் அந்த அறையில் கேட்கும். சாப்பாடு ஆயிற்று. டாக்டர் மனைவி சூரப்புலியைப் போர்முனைக்குப் போகிறவரைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட ஒருத்தர் வந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

டாக்டர் அவசரமாக, "எனக்கு முதுகுல பிடிப்பு" என்றார்.

சூரப்புலி லாந்தரைக் கையில் எடுத்தார். குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். திட்டம் ஞாபகம் இருக்கிறதா என்று அர்த்தம். அவளும் சிமிட்டினாள்.

"கதவைப் பத்திரமா சாத்திக்கோ" என்றார், விருந்தாளிகள் காதில் விழுகிறமாதிரி. "யாரு தட்டினாலும் விடியற வரைக்கும் திறக்காத."

"சரிங்க" என்றாள். இரண்டாவது 'சரிங்க'.

பின்கதவு வழியாக இறங்கினார். ஜன்னலில் இரண்டு தலைகள். அவர் நெஞ்சை நிமிர்த்தினார். லாந்தரைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நடை என்றால் நடை, அப்படியொரு நடை. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவர் உண்மையிலேயே சூரப்புலிதான். ஏனென்றால் தொட்டிக்குப் பின்னால் மனைவி இருந்தாள்.

தொட்டிக்குப் பின்னால் போனார். மனைவி இல்லை.

முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாளாயிருக்கும். குழந்தை அழுதிருக்கும். காத்திருந்தார். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதற்கு ஒரு தடவை குதித்தார். இலை ஒன்று காலில் உரசியது. அதற்கு இன்னொரு தடவை. அவள் வரவில்லை. ஜன்னலிலிருந்து டாக்டர் மனைவியின் குரல் கேட்டது: "தொட்டிக்குப் பின்னாடி போனவரைக் காணோமே!"

வேறு வழியில்லை. வெளியே வந்தார். பரணை நோக்கி நடந்தார். இப்போது நெஞ்சு நிமிரவில்லை. லாந்தர் வெளிச்சம் தரையில் வட்டமாக ஆடியது. வட்டத்துக்கு வெளியே இருட்டு முழுவதும் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. பகலில் அவ்வளவு பேர் பெருமூச்சு விட்ட தோட்டம்தானே இது? தினமும் இதன் வழியாகத்தானா அவள் போகிறாள்? கையில் ஒரு டார்ச்சையும் தகரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு? இந்தக் கேள்வி இதுவரை தனக்குத் தோன்றியதே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது. பயத்தில் உறைந்து போயிருந்த உடம்பில் காது மடல் மட்டும் சுட்டது.

'ங்ஙொய்ய்ய்ங்ங்...'

அடுக்களையில் கேட்கும்போது அது சத்தம். இங்கே பரணடியில், பக்கத்திலேயே கம்பி துடிக்கும்போது அது வேறு. தோள் உரசுகிற தூரத்தில் கொடி ஆடியது. 'உர்ர்' என்றது ஏதோ ஒன்று. மனிதரும் பன்றியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணைப் பார்த்துத்தான். ஆனால் அது திரும்பிப் போகவில்லை.

சூரப்புலி திரும்பினார். திரும்பிய வேகத்தில் கால் எதிலோ இடறியது. பரண் ஏணியில் அவர் மனைவி அன்று பகலிலேயே கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்த தகரம் அது. தகரம் சரிந்தது. அதன்மேல் ஏணி விழுந்தது. ஏணி மேல் அவர் விழுந்தார். எழுந்திருக்கக் கையூன்றிய இடமும் தகரம். உதைத்த இடமும் தகரம். அந்தப் பள்ளத்தாக்கே அதிர்ந்தது. பன்றி போன திசையில் புதர்கள் முறிகிற சத்தம் வெகுதூரம் வரை கேட்டது.

ஜன்னலிலிருந்து கைதட்டல்.

"சபாஷ்ண்ணே! சபாஷ்!" என்று டாக்டர் மனைவி கத்தினார். "பாருங்க! மனுஷன்னா இப்படி இருக்கணும்!"

"அவர் தோட்டம், அவர் பன்னி" என்றது டாக்டர் குரல். ஜன்னல் சாத்தப்பட்டது.

சூரப்புலி லாந்தரை அணைத்தார். நாலு காலில் தவழ்ந்து சுவரோரமாக வந்தார். பின்கதவை அடைந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. கதவைத் தள்ளினார். கொக்கி போட்டிருந்தது. நாலு விரல் இடைவெளிதான் விட்டது. அந்த இடைவெளியில் அடுக்களை வெளிச்சம், மனைவியின் ஒரு கண், அதற்குக் கீழே குழந்தையின் ஒரு கண்.

"திற! திற!" என்று கிசுகிசுத்தார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் புருஷன்டி!"

"என் புருஷன் பரண்ல காவல் இருக்காரு" என்று அவளும் கிசுகிசுத்தாள். "இப்பத்தான் பன்னியை விரட்டினாரு. பக்கத்து அறையில கை தட்டினாங்களே, கேட்கலையா?"

"நீ ஏன் தொட்டிக்கு வரல? 'சரிங்க'ன்னு சொன்னியே!"

"வரலாம்னுதான் இருந்தேன். வாசப்படி தாண்ட முடியல. இருட்டிட்டா எனக்கு ரொம்பப் பயமாச்சே."

கத்தலாம். கத்தினால் பக்கத்து அறையில் கேட்கும். ஜன்னல் திறக்கும். டாக்டர் சிரிப்பார். ஆலையம்மாவின் காதுக்கு விடிவதற்குள் போய்விடும். புட்டியில் படம் வராது. வந்தாலும் தவழ்கிற படம்தான் வரும்.

"தப்புதான்" என்றார், கதவிடுக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. "அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பத்தி அப்படிச் சொன்னது தப்புதான். உனக்குத்தான் பயமே கிடையாதே. அது எனக்குத் தெரியாதா?"

இடுக்கில் தெரிந்த கண் கொஞ்ச நேரம் இமைக்கவில்லை.

"எனக்குப் பயம் கிடையாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். குரலில் கேலி இல்லை. "ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வருதுங்க. திரும்பி வந்து தண்ணி குடிக்கிறப்ப பாதி கீழே கொட்டுதே, பார்த்ததில்ல?"

பார்த்திருக்கிறார். குளிர் என்று நினைத்திருக்கிறார்.

"அப்புறம் எப்படிப் போற?"

"கை நடுங்கினா தகரம் நல்லா சத்தம் போடும். இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபோதுதான் பார்த்தார். வாசற்படியில் அவருடைய கோட்டு மடித்து வைத்திருந்தது. அதன் மேல் தொப்பி. தொப்பிக்குள் தகரம் தட்டுகிற கட்டை. எல்லாம் ஒழுங்காக, வேலைக்குப் போகிறவருக்கு எடுத்து வைப்பது போல.

"குளிரும். போட்டுக்கோங்க" என்றாள். "இந்த வருஷம் பழம் பழுத்ததிலிருந்து இன்னிக்குத்தான் நான் கதவுக்கு உள்பக்கம் இருக்கேன். கொஞ்சம் தூங்கிக்கறேன்."

"ஏம்மா... ஒரே ஒரு நிமிஷம்... அடுப்போரமா உட்கார்ந்துட்டுப் போயிடறேனே..."

"ஐயோ, முடியாதுங்க. யாரு தட்டினாலும் விடியற வரைக்கும் திறக்காதன்னு என் புருஷன் சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு ரொம்பக் கோபக்காரரு. ஊர்ல சூரப்புலின்னு சொல்வாங்க."

குழந்தை இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. கை உள்ளே போனது. வெளிச்சக் கோடு மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது.

சூரப்புலி மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். தாழ்ப்பாள் விழுகிற சத்தமே கேட்கவில்லை. ஒருவேளை மனம் இரங்கிவிட்டாளோ என்று மெதுவாகக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

அவ்வளவு நன்றாக எண்ணெய் போட்டிருந்தார்.